கத்திரி வெயிலில் ரொட்டி சுடலாமா? – வாசகர் கேள்வி பதில்

கடிதங்களைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டதால் யாருடைய பெயரையும் போடவில்லை, ஊர் மட்டும் இருக்கிறது.

கே: அக்கா, கார்த்திகை மாதம் சுட்ட பிரெட் அவ்வளவு மெத்தென்று வந்தது. அதே மாவு, அதே அளவு, இப்போது போட்டால் புளித்த வாடை அடிக்கிறது, மேலே குழி விழுகிறது. பட்டர் பிஸ்கட்டும் தட்டு முழுக்கப் பரவிவிடுகிறது. ஈஸ்ட் கெட்டுப்போச்சா? (சத்துவாச்சாரி)

ப: ஈஸ்ட் நன்றாகத்தான் இருக்கிறது. அளவுக்கு மேல் வேகமாக வேலை செய்கிறது, அதுதான் உங்கள் சிக்கல். கார்த்திகையில் இரவெல்லாம் வைத்தாலும் பொங்காத இட்லி மாவு சித்திரையில் மத்தியானத்துக்குள் பாத்திரத்தை விட்டு வழிகிறதே, பிரெட் மாவுக்கும் அதே கதைதான். யூட்யூபில் பார்க்கிற செய்முறைகள் பெரும்பாலும் 24, 25 டிகிரி இருக்கிற சமையலறைக்காக எழுதப்பட்டவை. அவர்கள் ஒரு மணி நேரம் மூடி வைக்கச் சொன்னால் மே மாதத்து வேலூரில் அது அரை மணியிலேயே முடிந்துவிடும். அதற்கு மேலும் விட்டால் மாவு தன் பலத்தை இழந்து, அடுப்புக்குள் போனதும் உட்கார்ந்துவிடும். புளித்த வாடையும் அதனால் வருவதுதான்.

என்ன செய்யலாம்? முதலில் தண்ணீர். மொட்டை மாடி டேங்கிலிருந்து பத்து மணிக்கு மேல் வருகிற தண்ணீரில் கை வைக்க முடிகிறதா சொல்லுங்கள், அதில் மாவு பிசைந்தால் பிசையும்போதே பொங்க ஆரம்பித்துவிடும். ஃப்ரிட்ஜ் தண்ணீரில் பிசையுங்கள், ஐஸ் கட்டி இரண்டு போட்டாலும் தப்பில்லை. கால் கிலோ மைதாவுக்கு வழக்கமாக 3 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் போடுகிறீர்கள் என்றால் கத்திரி முடியும்வரை 2 கிராமுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். உப்பைக் குறைக்காதீர்கள், ஈஸ்டின் வேகத்தைக் கட்டுக்குள் வைப்பதே உப்புதான், கால் கிலோவுக்கு 5 கிராம் வேண்டும். கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு மாவைப் பாருங்கள். இரண்டு மடங்கு ஆனதும் விரலில் மாவு தொட்டு மெல்ல அழுத்துங்கள், பள்ளம் மெதுவாகப் பாதி மேலே வந்து நின்றால் சரியான பதம். அப்படியே நின்றுவிட்டால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம், அந்த மாவைத் தட்டி பூண்டு ரொட்டியாகச் சுட்டுவிடலாம், வீணாக்க வேண்டாம்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பிசைந்து, எண்ணெய் தடவிய டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத் தூங்குங்கள். காலை ஐந்து மணிக்கு எடுத்து உருட்டி அச்சில் போட்டால் ஆறு, ஆறரைக்குள் சுட வைத்துவிடலாம், வீடும் கொதிக்காது. குளிரில் மெதுவாகப் புளிக்கிற மாவுக்கு ருசியும் கூடுதல். நம் ஊரில் மே மாதம் பகல் பன்னிரண்டு மணிக்கு ஓவனைப் போடுவது வீட்டில் இருக்கிற பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் செய்கிற கொடுமை, அதை நான் எங்கே போனாலும் சொல்வேன்.

பிஸ்கட் பரவுவதற்குக் காரணம் வெண்ணெய். அது 32 டிகிரியைத் தாண்டினாலே உருக ஆரம்பித்துவிடும், நம் சமையலறை அதைக் காலையிலேயே தாண்டிவிடுகிறது. பிஸ்கட்டைத் தட்டி, தட்டோடு அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, ஓவன் முழுதாகச் சூடான பிறகு நேராக உள்ளே தள்ளுங்கள். ஓரம் கலையாமல் நிற்கும்.

கே: எங்கள் வீட்டில் ஓவன் வாங்கலாம் என்று மகள் கேட்கிறாள், கரண்ட் பில் எகிறிவிடும் என்று அவள் அப்பா சொல்கிறார். குக்கரிலேயே செய்தால் என்ன? (ஆரணி)

ப: சின்ன ஓவன்கள் 1200 முதல் 1500 வாட் வரை இழுக்கும். சூடாக்கப் பத்து நிமிடம், கேக் வேக நாற்பது நிமிடம் என்று வைத்தாலும் ஒரு யூனிட்டைச் சுற்றித்தான் வரும், சூடு வந்தபின் அது விட்டு விட்டுத்தான் எரியும் என்பதால் குறையவும் செய்யலாம். வாரம் ஒரு கேக்குக்காக யாருடைய பில்லும் எகிறாது. பணத்தைவிடப் பெரிய விஷயம் பிளக். 1500 வாட் ஓவனை டிவி, சார்ஜர் போடுகிற சின்ன பிளக்கில் எக்ஸ்டென்ஷன் வயர் வைத்துப் போடவே கூடாது, 16 ஆம்பியர் பெரிய பிளக் கட்டாயம். அது சமையலறையில் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

குக்கரில் கேக் அருமையாக வரும். கேஸ்கட்டும் வெயிட்டும் எடுத்துவிட்டு, அடியில் உப்போ மணலோ பரப்பி, மேலே ஸ்டாண்டு வைத்து, பத்து நிமிடம் சூடாக்கி, பிறகு மிகச் சிறு தீயில் நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம். தண்ணீர் இல்லாமல் சூடாக்குவதால் தினம் சாதம் வைக்கிற குக்கரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், பரணில் கிடக்கிற அடிகனமான பழைய குக்கரை இறக்குங்கள். குக்கரில் மேல் சிவப்பு வராது, பிஸ்கட்டும் சரிப்படாது. மகள் ஒரு வருஷம் குக்கரிலேயே செய்யட்டும். அதற்குப் பிறகும் ஆர்வம் இருந்தால் அவள் அப்பாவே வாங்கித் தருவார்.

கே: தனியார் மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். கல்லூரியில் படிக்கும்போது வாரம் ஒரு நாவல் முடிப்பேன். இப்போது நைட் டூட்டி முடிந்து வந்து புத்தகத்தைத் திறந்தால் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பயமாக இருக்கிறது. (பாகாயம்)

ப: உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை அம்மா, தூக்கம்தான் போதவில்லை. இரவு முழுக்க வார்டில் நின்று, டிரிப் பார்த்து, நோயாளியின் உறவினர் கேட்கிற கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லி, கையெழுத்துப் போட்டு ஒப்படைத்துவிட்டு வருகிற மனசுக்கு அந்த நேரத்தில் வேண்டியது இருட்டறையும் மின்விசிறியும். நைட் டூட்டி முடிந்த காலையில் புத்தகத்தைத் தொடாதீர்கள். ஜன்னலுக்குக் கனமான திரை போட்டுத் தூங்குங்கள்.

படிக்கிற நேரத்தை டூட்டிக்குப் போவதற்கு முன்னால் நகர்த்துங்கள். சாயங்காலம் எழுந்து, குளித்து, காபி குடித்த பிறகு இருபது நிமிடம், அது போதும். எடுத்த எடுப்பில் தடிமனான நாவலுக்குப் போக வேண்டாம், சிறுகதைத் தொகுப்பிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு கதை ஒரு உட்காரலில் முடியும், முடித்தோம் என்கிற தெம்பு அடுத்த நாளும் உட்கார வைக்கும். போனை அந்த இருபது நிமிடம் அடுத்த அறையில் சார்ஜ் போடுங்கள். வீட்டில் அவசரம் என்றால் மணி அடிக்கும், கேட்கும். முன்பு படித்துப் பிடித்த கதையை மறுபடி படிப்பதில் வெட்கமே வேண்டாம், களைத்த காலத்தில் பழகிய புத்தகம் புதிய புத்தகத்தைவிடத் துணையாக இருக்கும், இதை நான் முழுமனதோடு சொல்கிறேன்.

புத்தகம் வாங்கக் காசு போதவில்லை என்றும் கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தீர்கள். நம் ஊரில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது, வட்டாரங்களில் கிளை நூலகங்களும் இருக்கின்றன. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதன் பாடுபட்டு 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது, அதன்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கிறார்கள், இப்போது அது சொத்து வரியில் 10 சதவீதம். நாம் வாடகைக்கு இருந்தாலும் அந்த வரி நம் வாடகைக்குள்தானே இருக்கிறது? ஆக அந்த நூலகத்துக்கு நாம் எல்லாரும் ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். ஓய்வு நாளில் ஆதார் நகலோடு போய் உறுப்பினராகிவிடுங்கள். கேட்ட புத்தகம் இல்லை என்றால் நூலகரிடம் எழுதிக் கொடுங்கள், வாசகர்கள் கேட்டால்தான் அவர்களும் மேலே கேட்க முடியும்.

கே: மேல் வீட்டுக்காரர் காலை ஐந்து மணிக்கு வாஷிங் மெஷின் போடுகிறார். சுற்றும்போது எங்கள் படுக்கையறை மேற்கூரை அதிர்கிறது. சங்கத்தில் புகார் கொடுக்கலாமா? (விருதம்பட்டு)

ப: முதலில் ஒரு தடவை நேரில் போய்ப் பேசுங்கள், வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். நூறு பேர் பார்க்கிற இடத்தில் சொன்னால் யாருக்கும் கோபம்தான் வரும். ஒலி மாசு விதிகள் 2000-இல் வந்தவை, அவற்றில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவு நேரம் என்றே குறித்திருக்கிறார்கள், அதனால் ஆறு மணிக்கு மேல் போடச் சொல்லிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் ஏன் ஐந்து மணிக்குப் போடுகிறார் என்றும் கேளுங்கள். ஏழு மணி கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிற வீடாக இருக்கலாம், தண்ணீர் அந்த நேரத்தில்தான் வருகிறதாக இருக்கலாம். அப்படியானால் இரவு ஒன்பது மணிக்குள் போடும்படி பேசி முடிக்கலாம். மெஷின் காலுக்கு அடியில் வைக்கிற ரப்பர் பேட் கடையில் கிடைக்கிறது, அதை நீங்களே வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தால் பேச்சு சுமுகமாக ஆரம்பிக்கும்.

கே: எங்கள் அடுக்ககத்தில் மூன்று வீடுகளை, சிகிச்சைக்கு வருகிற வெளி மாநிலத்தவருக்கு வாரக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். ஆள் மாறிக்கொண்டே இருக்கிறது. லிஃப்டில் கூட்டம், படிக்கட்டில் துணி காய்கிறது, தண்ணீர் தீர்ந்துபோகிறது, யார் வருகிறார் போகிறார் என்று வாட்ச்மேனுக்கே தெரியவில்லை. காலி செய்யச் சொல்லலாமா? (தோட்டப்பாளையம்)

ப: இந்தக் கேள்வி பல பேரிடமிருந்து பல விதமாக வருகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

1900-இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்த மருத்துவ நிலையம்தான் இன்று வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையாகி நிற்கிறது. மேற்கு வங்காளம், ஜார்கண்ட், அசாம், திரிபுரா என்று எங்கிருந்தோ இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள், வங்கதேசத்திலிருந்தும் வருகிறார்கள். மருத்துவமனையைச் சுற்றி வங்காள எழுத்தில் பலகை வைத்த கடைகளும் மீன் சாதம் போடுகிற மெஸ்களும் மருந்துக் கடைகளும் ஆட்டோக்களும் இவர்களால்தான் நடக்கின்றன. இந்த ஊரின் வருமானத்தில் இவர்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதைவிட முக்கியமாக, வீட்டில் ஒருவருக்கு முடியாமல் போய், பாஷை தெரியாத ஊரில், ரிப்போர்ட் எப்போது வரும் என்று காத்திருக்கிறவர்கள் இவர்கள். படிக்கட்டில் துணி காய்வதைப் பார்த்து நமக்கு வருகிற எரிச்சலை அவர்கள்மேல் காட்டக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் புகார் வீட்டு உரிமையாளர்மேல். அவரிடம்தான் கேட்க வேண்டும், அவர்தான் பொறுப்பு. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022-இல் புதிதாக இயற்றப்பட்டு 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. சங்கத்தின் துணைவிதிகள் உரிமையாளரையும் கட்டுப்படுத்தும், அவர் வைத்திருக்கிற வாடகைதாரரையும் கட்டுப்படுத்தும். அதனால் பொதுக்குழுவைக் கூட்டி, பேசி, எழுத்தில் வையுங்கள். தங்குகிறவர் எல்லாருடைய அடையாள அட்டை நகலும் உரிமையாளரே வாட்ச்மேனிடம் முன்கூட்டித் தர வேண்டும். ஒரு வீட்டுக்கு இத்தனை பேர் என்று வரம்பு வேண்டும். பராமரிப்புத் தொகையில் தண்ணீருக்கு ஆள் கணக்கில் கூடுதலாக வாங்கலாம். அப்புறம், வெளிநாட்டினரைத் தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் அதற்குரிய படிவத்தில் ஆன்லைனில் பதிய வேண்டும், அது தங்க வைப்பவரின் சட்டக் கடமை, இதில் சங்கம் கண்டிப்பாகவே இருக்கலாம். மாத வாடகை வேறு, நாள் வாடகை வேறு. வீட்டை லாட்ஜ் மாதிரி நடத்தினால் அது தொழில், மின் கட்டணமும் சொத்து வரியும் அந்தக் கணக்கில்தான் வர வேண்டும், அதையும் உரிமையாளரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். லிஃப்ட் பக்கத்தில் ஒரு பலகை, தமிழில் மட்டும் எழுதாமல் வங்காளத்திலும் இந்தியிலும் வையுங்கள். துணி காயப்போட மொட்டை மாடியில் கொடி இருக்கிறது, தண்ணீர் இந்த நேரம் வரும், குப்பை இங்கே, ஆம்புலன்ஸ் நிற்க இந்த வாசல். வந்தவர்களுக்கு யாரும் சொல்லாததால்தான் பாதித் தொந்தரவு நடக்கிறது. பலகைக்கு ஆகிற செலவு ஒரு டேங்கர் லாரித் தண்ணீருக்குக் கொடுப்பதைவிடக் குறைவு.

கே: பொது மின் இணைப்புக்கு, படிக்கட்டு விளக்குக்கும் மோட்டாருக்கும்தான் ஓடுகிறது, இவ்வளவு பில் வருகிறதே? எங்களுடையது எட்டு வீடு, இரண்டு மாடி. (கொசப்பேட்டை)

ப: லிஃப்ட் இருக்கிறதா என்று எழுதவில்லை. பத்து வீடுகளுக்கு மிகாமல், மூன்று மாடிக்கு மிகாமல், லிஃப்ட் இல்லாமல் இருக்கிற சின்ன அடுக்ககங்களுக்குப் பொது மின்சாரக் கட்டணத்தை 2023-இல் யூனிட்டுக்கு 8 ரூபாயிலிருந்து 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். லிஃப்ட் இல்லை என்றால் நீங்கள் அந்தச் சலுகைக்குள் வருகிறீர்கள். பில்லில் எந்தக் கட்டண வகை போட்டிருக்கிறது என்று பாருங்கள், பழைய வகையிலேயே இருந்தால் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள்.

கே: தினமும் காட்பாடியிலிருந்து சென்னைக்கு வேலைக்குப் போய் வருகிறேன். குடும்பத்தைச் சென்னைக்கு மாற்றிவிடலாமா என்று இரண்டு வருஷமாக யோசிக்கிறேன். ரயிலில் படிக்கலாம் என்றால் நாலு பக்கமும் போன் சத்தம். (காந்தி நகர்)

ப: காட்பாடியிலிருந்து சென்ட்ரலுக்கு 130 கிலோமீட்டர். சீசன் டிக்கெட்டுக்கு எல்லை 150 கிலோமீட்டர் என்பதால்தான் உங்களைப் போல இத்தனை பேர் ஏலகிரி எக்ஸ்பிரஸை நம்பி இங்கேயே வீடு வைத்திருக்கிறார்கள். சீசன் டிக்கெட் செலவையும் சென்னை வாடகையையும் மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால் வேலூர்தான் ஜெயிக்கும். நான் கேட்பது வேறு, வார நாளில் பிள்ளைகள் விழித்திருக்கும்போது வீட்டில் இருக்கிறீர்களா? இல்லை என்றால், வாரத்தில் இரண்டு நாளாவது வீட்டிலிருந்து வேலை செய்ய எழுத்தில் கேளுங்கள். அதற்கு ஒத்துவராத வேலை என்றால், அடுத்த கல்வியாண்டு தொடங்கும்போது மாறிவிடுங்கள். இன்னும் இரண்டு வருஷம் யோசிக்காதீர்கள்.

ரயிலில் படிப்பதற்குக் காலைப் பயணம்தான் நல்லது, அரக்கோணம்வரை பாதிப் பேர் தூங்குவார்கள். சாயங்காலம் கண்ணை மூடிக்கொண்டு ஒலிப்புத்தகம் கேளுங்கள், ஹெட்போன் போட்டு.

கே: தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். மாலையில் பிரௌனி, கேக் செய்து அக்கம்பக்கத்தில் விற்கிறேன், டிசம்பரில் சம்பளத்தைவிட அதிகம் வந்தது. வேலையை விட்டுவிடலாமா? (வாலாஜா)

ப: டிசம்பரை வைத்து முடிவெடுக்க வேண்டாம். கிறிஸ்துமஸும் புத்தாண்டும் சேர்ந்து வருகிற மாதம் அது, வேலூர் பக்கம் பிளம் கேக்குக்கு எப்போதும் ஆள் உண்டு. ஆடி மாதத்தில் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள், கல்யாணம் இல்லாத, பண்டிகைக் கூட்டம் இல்லாத அந்த மாதத்து வருமானத்தில் குடும்பம் நடக்கும் என்றால் விடலாம். கணக்கு எழுதுகிற கை உங்களுடையது, அதே கையால் மைதா, வெண்ணெய், பெட்டி, கேஸ் எல்லாம் எழுதிய பிறகு உங்கள் உழைப்புக்கு ஒரு மணி நேரக் கூலியையும் எழுதுங்கள். பெண்கள் வீட்டிலிருந்து செய்கிற தொழிலில் அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள், அதனால்தான் லாபம் இருப்பதாகத் தோன்றுகிறது, எனக்கு இது மிகவும் வருத்தமான விஷயம்.

விற்பதென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு கட்டாயம், வீட்டில் செய்தாலும் சரி. சின்ன அளவுக்கு அடிப்படைப் பதிவு போதும், வருஷத்துக்கு 100 ரூபாய்தான், ஆன்லைனில் செய்யலாம். பதினாலு இலக்க எண் வரும், அதைப் பெட்டியில் போடுங்கள். முட்டை சேர்த்ததையும் சேர்க்காததையும் கண்டிப்பாகக் குறித்துக் கொடுங்கள். முட்டை சாப்பிடாத வீடுகள் இங்கே நிறைய, அவர்கள் நம்பி வாங்குகிறார்கள்.

கே: கேழ்வரகு பிஸ்கட் செய்தால் எடுக்கும்போதே உதிர்கிறது. வேர்க்கடலை சேர்க்கலாமா? (குடியாத்தம்)

ப: தாராளமாகச் சேர்க்கலாம், வேர்க்கடலை நம் வட ஆற்காட்டு மண்ணில் விளைகிற பொருள், பாதாமுக்கு அலைய வேண்டாம். கேழ்வரகில் பிசைந்தால் இழுபடுகிற பசைத்தன்மை கிடையாது, அதனால் தனியாகப் போட்டால் உதிரத்தான் செய்யும். வறுத்து ஆறிய கேழ்வரகு மாவு 60 கிராம், கோதுமை மாவு 60 கிராம், தோல் நீக்கிப் பொடித்த வறுத்த வேர்க்கடலை 50 கிராம், வெண்ணெய் 90 கிராம், பொடித்த வெல்லம் 80 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய். வெண்ணெயும் வெல்லமும் குழைத்து மற்றதைச் சேர்த்து, கெட்டியாக இருந்தால் ஒரு ஸ்பூன் பால். அரை மணி ஃப்ரிட்ஜ். பிறகு 160 டிகிரியில் பதினைந்து முதல் பதினெட்டு நிமிடம். கேழ்வரகு கறுப்பாக இருப்பதால் வெந்தது நிறத்தில் தெரியாது, ஓரம் லேசாக இறுகியதும் எடுத்துவிடுங்கள், தட்டிலேயே பத்து நிமிடம் ஆறவிட்டு அப்புறம் தொடுங்கள்.